இறக்குமதியால் வேலை போனால் அரசாங்கம் என்ன செய்யும்? அமெரிக்காவின் அனுபவம்



டெக்ஸ்டைல் பிரிவில் படிக்கும் நமக்கு ஒரு தறி நிமிஷத்துக்கு எத்தனை ஊடை போடும், நூல் அறுந்தால் தறி எப்படித் தானே நிற்கும் என்றெல்லாம் பாடத்தில் உண்டு. தறி நிரந்தரமாக நின்றுவிட்டால் அதை ஓட்டினவர் கதி என்ன என்பதற்குப் பாடம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்தது நான்தான் முதல். அம்மா கரூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் செக்கிங் பார்க்கிறார். சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு எல்லாம் கப்பலேறி அமெரிக்கா போகும். அங்கே முன்னாடி இதையெல்லாம் நெய்துகொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? இந்தக் கேள்விதான் என்னை நூலகத்தில் உட்கார வைத்தது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தனிச் சட்ட உதவி இருந்தது. பெயர் டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ், சுருக்கமாக டி.ஏ.ஏ. தமிழில் 'வணிக மாற்ற உதவி' எனலாம். இறக்குமதி வரியைக் குறைத்தால் நாடு முழுக்கப் பொருள் மலிவாகக் கிடைக்கும். லாபம் கோடிக்கணக்கான பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். நஷ்டமோ ஒரு சில ஊர்களில், ஒரு சில ஆலைகளில், மொத்தமாக இறங்கும். அதனால் லாபத்தில் ஒரு பங்கை எடுத்து நஷ்டப்பட்டவருக்குக் கொடு என்பதே இதன் அடிப்படை.

இந்த யோசனையை 1954-லேயே சொன்னவர் உருக்குத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மெக்டொனால்ட். அப்போது செனட்டராக இருந்த ஜான் கென்னடி அதைப் பிடித்துக்கொண்டார். ஜனாதிபதி ஆனபின் 1962-ல் வணிக விரிவாக்கச் சட்டத்தில் சேர்த்துக் கையெழுத்தும் போட்டார். சங்கங்களும் இதை நம்பித்தான் வரிக்குறைப்புக்குச் சம்மதித்தன.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? 1969 நவம்பர் வரைக்கும் ஒரு தொழிலாளர் குழுவுக்குக்கூட உதவி கிடைக்கவில்லை! இறக்குமதி கூடியது அரசின் வரிச்சலுகையால்தான் என்றும், வேலை போனது பெரும்பாலும் அந்த இறக்குமதியால்தான் என்றும் இரண்டையும் நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் கேட்டது. ஷிப்ட் முடிந்து வருகிற ஆள் இதை எங்கே போய் நிரூபிப்பார்? இதைச் 'சவ அடக்கக் காப்பீடு' என்று சங்கக்காரர்கள் கேலி செய்ததில் தப்பே இல்லை.

1974-ஆம் வருஷச் சட்டம் நிபந்தனையைத் தளர்த்தியது. இறக்குமதி 'முக்கியமான அளவில் பங்களித்திருந்தால்' போதும் என்றானது. அதற்கப்புறம் கதவு திறந்தது. 1980-ல் ஜப்பான் கார்கள் வந்து குவிந்தபோது ஐந்து லட்சம் பேருக்கு மேல் உதவி பெற்றார்கள். செலவு சுமார் 160 கோடி டாலர். ரீகன் ஆட்சி 1981-ல் இதை வெட்டிச் சுருக்கியது. இப்படித்தான் இந்தத் திட்டம் ஆட்சிக்கு ஆட்சி ஊதுவதும் சுருங்குவதுமாக இருந்தது. எல்லாத் திருத்தத்தையும் இங்கே அடுக்கினால் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

மனுப் போடும் முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே ஆலையைச் சேர்ந்த மூன்று தொழிலாளிகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும், அது மனு. சங்கமும் போடலாம், கம்பெனியே கூடப் போடலாம். மனு மத்தியத் தொழிலாளர் துறைக்குப் போகும். அதிகாரிகள் கம்பெனியின் உற்பத்தி, விற்பனை, இறக்குமதிக் கணக்கை வாங்குவார்கள். அதோடு நிற்காமல், கம்பெனியிடம் சரக்கு வாங்கிக்கொண்டிருந்த வியாபாரிகளுக்கும் கேள்வித்தாள் அனுப்பி, "இப்போது வெளிநாட்டுச் சரக்கு வாங்குகிறாயா?" என்று கேட்பார்கள். 2002 திருத்தத்துக்குப் பின் 40 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. நிராகரித்தால் நியூயார்க்கில் உள்ள சர்வதேச வணிக நீதிமன்றம் வரை போகலாம். 'பொருள்' செய்தவருக்குத்தான் உதவி என்று சட்டம் இருந்ததால், வேலை இந்தியாவுக்குப் போய்விட்டது என்று மனுப்போட்ட கம்ப்யூட்டர் புரோகிராமர்கள்கூட அங்கே போய் வாதாடினார்கள். சாஃப்ட்வேர் பொருளா இல்லையா என்பதே வழக்கு! 2009 திருத்தம் சேவைத் துறையையும் சேர்த்துக்கொண்டது.

மனு ஏற்கப்பட்டால் என்ன கிடைக்கும்? புதுத் தொழில் படிக்க முழுச் செலவு. வேலையில்லாக் காலப் பணம் தீர்ந்த பிறகும், பயிற்சியில் இருந்தால் வாரா வாரம் அதே அளவு பணம். வேலை தேடி வெளியூர் போகவும், குடிபெயரவும் செலவில் ஒரு பங்கு. 2002-க்குப் பின் மருத்துவக் காப்பீட்டுக்கு வரிச்சலுகையும் சேர்ந்தது.

50 வயது தாண்டியவருக்குச் சம்பளக் காப்பீடு என்று ஒன்று உண்டு. கணக்காகப் பார்ப்போம். ஒருவர் பழைய ஆலையில் வருஷத்துக்கு 40,000 டாலர் வாங்கினார். புது வேலையில் 30,000 தான் தருகிறார்கள். குறைவு 10,000. அதில் பாதி, அதாவது 5,000 டாலரை அரசாங்கம் தரும். இரண்டு வருஷத்துக்கு மொத்தம் 10,000 டாலருக்கு மிகாமல். ஐம்பது வயசுக்காரரை மறுபடி வகுப்பில் உட்கார வைப்பதைவிட இது நடைமுறைக்கு ஒத்து வருகிற வழி என்பது என் அபிப்பிராயம்.

இனி ஓர் ஊரைப் பார்ப்போம். வட கரோலினா மாநிலத்தில் கன்னாபொலிஸ் என்று ஒரு மில் ஊர். கேனன் என்ற ஆலை முதலாளி பேரை வைத்தே ஊருக்குப் பேர் வந்தது என்பார்கள். கேனன் துண்டு என்றால் அமெரிக்காவில் தெரியாத வீடு இல்லை. வீடு மில்லுடையது, கடைவீதி மில்லுடையது. 1984 வரை அந்த ஊருக்கு நகராட்சியே கிடையாது. மில் கைமாறிக் கைமாறிக் கடைசியில் பில்லோடெக்ஸ் என்ற கம்பெனியிடம் வந்தது. 2003 ஜூலை 30-ஆம் தேதி அந்தக் கம்பெனி மொத்தமாக மூடியது. எல்லா இடத்திலும் சேர்த்து 6,450 பேர் அளவில், வட கரோலினாவில் மட்டும் சுமார் 4,800 பேருக்கு வேலை போயிற்று. அந்த மாநிலம் அதுவரை கண்டதில் ஒரே நாளில் நடந்த மிகப் பெரிய ஆட்குறைப்பு அதுதான்.

டி.ஏ.ஏ. அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் அந்த நெசவாளிகளில் பலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். பதினாறு, பதினெட்டு வயதில் மில்லுக்குள் போனவர்கள், நாற்பது, ஐம்பது வயதில் வெளியே வந்தார்கள். புதுத் தொழில் படிக்கும் முன்னால் பள்ளிச் சமநிலைத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்த ரோவன்-கபாரஸ் சமுதாயக் கல்லூரிதான் இந்தக் கூட்டத்தைத் தாங்கியது. நம்ம பாலிடெக்னிக் மாதிரி ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தறி ஓட்டிய கையோடு பேனா பிடித்துப் பின்னங்கணக்குப் போட உட்கார்ந்த அந்தப் பெண்களை நினைத்தால், முதல் செமஸ்டர் கணக்குக்கு நாம் அழுதது பெரிய விஷயமே இல்லை. மில் இருந்த இடத்தை இடித்துத் தள்ளிவிட்டு அங்கே ஓர் ஆராய்ச்சி வளாகம் கட்டினார்கள். பயோடெக்னாலஜி ஆய்வகம் கேட்கிற படிப்பும், மில்லை விட்டு வந்தவர் கையில் இருந்த படிப்பும் ஒன்றல்ல.

பயிற்சி பலன் தந்ததா? ஆய்வுகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. 2012-ல் வந்த ஒரு பெரிய மதிப்பீடு, வேலை போய் நாலு வருஷம் கழித்துப் பார்த்தால் டி.ஏ.ஏ.யில் இருந்தவர் மற்றவரைவிடக் குறைவாகவே சம்பாதித்தார் என்றது. வயதானவர்களுக்கு இன்னும் மோசம். பின்னால் பெஞ்சமின் ஹைமன் என்பவர் பத்து வருஷக் கணக்கைப் பார்த்தார். உதவி பெற்றவர் மொத்தத்தில் சுமார் 50,000 டாலர் அதிகம் சம்பாதித்தார் என்று கண்டார். படிக்கிற காலத்தில் சம்பளம் வராது, அதனால் நாலு வருஷக் கணக்கில் நஷ்டம்தான் தெரியும். நாம் மூணு வருஷம் படிப்பதை நம் வீட்டார் பார்ப்பதும் அந்தக் கணக்கில்தான்! அப்புறம் ஆட்டர், டோர்ன், ஹான்சன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் சீன இறக்குமதி தாக்கிய ஊர்களை ஆராய்ந்து 2013-ல் எழுதினார்கள். அந்த ஊர்களில் அரசுப் பணம் கூடியது உண்மை. ஆனால் கூடியது பெரும்பாலும் ஊனமுற்றோர் உதவியும் மருத்துவ உதவியும்தான். டி.ஏ.ஏ. பங்கு அதில் ஒரு துளி.

அந்தத் துளியும் வற்றிவிட்டது. சட்டத்தை நாடாளுமன்றம் நீட்டிக்காததால் 2022 ஜூலை 1 முதல் புது மனுக்களுக்குச் சான்று தருவது நின்றது. ஏற்கெனவே சான்று பெற்றவர்களுக்கு மட்டும் தொடர்ந்தது.

நம் நாட்டில்? 1986-ல் ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம் வந்தது. மூடிய மில் தொழிலாளிக்கு முதல் வருஷம் சம்பளத்தில் 75 சதவீதம், அடுத்த வருஷம் 50, மூன்றாம் வருஷம் 25. இறக்குமதியா வேறு காரணமா என்ற கேள்வி இதில் இல்லை, அது நல்லது. ஆனால் மில் சட்டப்படி மூடப்பட்டிருக்க வேண்டும். எங்கள் மாமா வேலை பார்த்த மில் பூட்டியே கிடந்தது, காகிதத்தில் 'மூடல்' ஆகவே இல்லை. அவர் லாரி கிளீனராகப் போனார். 2017-ல் இந்தத் திட்டத்தையும் இ.எஸ்.ஐ. மூலம் தரும் வேலையிழப்புப் படியோடு சேர்த்துவிட்டார்கள்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர், கரூர் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. அம்மாவுக்கு ஓவர்டைம் நின்றது. வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வந்து வேலை போவது ஒன்று. நம் சரக்கை வெளிநாடு தடுத்து வேலை போவது இன்னொன்று. வேலை செய்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இறுதியாண்டு நண்பர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ.யில் 2018-ல் அடல் பெயரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். வேலை இழந்த காப்பீட்டாளருக்கு 90 நாள் வரை உதவி. முதலில் சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதம், 2020-ல் அதை 50 சதவீதம் ஆக்கினார்கள். நாளை எந்த மில்லில் டிரெய்னியாகச் சேர்ந்தாலும், காண்டிராக்ட் என்று சொன்னாலும், இ.எஸ்.ஐ. எண் உண்டா என்று முதல் வாரமே கேளுங்கள். அம்மாவிடம் அந்த எண் இருக்கிறது. அதே மேசையில் எதிரில் நின்று செக்கிங் பார்க்கிற அக்காவுக்கு இல்லை.