பைத்தானுக்கு வீசம் தெரியும், மா தெரியாது

நம்பிக்கை: 0.1 + 0.2 கூட்டினால் 0.30000000000000004 வருகிறது, பைத்தான் நிரல்மொழியில் ஏதோ கோளாறு.

வகுப்பின் முதல் வாரத்திலேயே மாணவர்கள் இதில் முட்டிக்கொள்கிறார்கள். "நான்தான் தப்பா டைப் பண்ணிட்டேனா சார்?" என்று ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. இல்லை தம்பி, உன் மேலும் தப்பில்லை, பைத்தான் மேலும் தப்பில்லை.

அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று பாதி பாதியாக இறங்கும் நம் பழைய கீழ்வாய்க் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கணினி பின்னங்களை அப்படித்தான் சேர்த்து வைக்கிறது. வீசம், அதாவது 1/16, அதில் அச்சாக உட்காரும். மா, அதாவது 1/20, உட்காராது. பத்தில் ஒன்றும் அப்படியே. வீசமும் அரைவீசமும் சேர்ந்தால் 0.09375. 0.1-ஐ எட்ட இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும், அப்புறம் இன்னும் கொஞ்சம், முடிவே இராது. 53 பிட்களோடு நிறுத்திக்கொள்வதால், நாம் 0.1 என்று எழுதுவது உள்ளே 0.1000000000000000055 என்று தொடங்கும் எண்ணாகிவிடுகிறது. ஐ.இ.இ.இ. 754 என்ற 1985-ஆம் ஆண்டுத் தரத்தின் வழி இது; ஜாவாஸ்கிரிப்டிலும் இதே விடைதான். 0.5 + 0.25 போட்டுப் பாருங்கள், பிசிறில்லாமல் 0.75 வரும்.

இத்தனூண்டு பிசிறு என்ன செய்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். பத்தில் ஒரு நொடியை 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தார்கள். 100 மணி நேரம் ஓடியதில் கணக்கு சுமார் 0.34 நொடி பிசகியிருந்தது.

அதனால் பணக் கணக்கை ஃப்ளோட்டில், அதாவது இப்படிப் புள்ளி வைத்த எண்ணில், போடவே போடாதீர்கள். பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள், அல்லது பைத்தானின் டெசிமல் வகையை எடுங்கள். டெசிமல்('0.1') என்று மேற்கோள் குறியோடு கொடுக்க வேண்டும். குறி இல்லாவிட்டால் ஃப்ளோட்டின் பிசிறு அப்படியே உள்ளே வந்துவிடும்.

நம்பிக்கை: பாதி வந்தால் ரவுண்ட் மேலே ஏற்றும்.

பள்ளியில் அப்படித்தான் படித்தோம். ஆனால் பைத்தான் 3-இல் ரவுண்ட்(2.5) தருவது 2, ரவுண்ட்(3.5) தருவது 4. பாதி வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். எப்போதும் மேலேயே ஏற்றினால் நீண்ட பட்டியலின் கூட்டுத்தொகை ஊதிப்போகும் என்பதால் இந்த ஏற்பாடு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ரவுண்ட்(2.675, 2) போட்டால் 2.67 வருவதற்குக் காரணம் வேறு: உள்ளே இருக்கும் எண்ணே 2.675-ஐவிட ஒரு மயிரிழை குறைவு.

நம்பிக்கை: இலக்கமாக இருப்பதெல்லாம் எண்.

பயனரிடம் கேட்டு வாங்கும் இன்புட், எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காகவே, அதாவது வெறும் எழுத்துகளாகவே, தரும். 5-ஐயும் 5-ஐயும் வாங்கி அப்படியே கூட்டினால் 55 வந்து நிற்கும். இன்ட் போட்டு முழு எண்ணாக மாற்றினால்தான் 10. தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றாதீர்கள். 077 என்று தொடங்கும் இலங்கை எண்ணுக்கு இன்ட் போட்டால் முதல் பூஜ்யம் காணாமல் போய்விடும், அந்த எண்ணுக்கு அழைப்பும் போகாது.