உயிர்த்தெழுதலும் உரைச்சான்றும்

தோற்றுவாய்

உலகச் சமயங்களுட் பல, அவற்றை நிறுவிய சான்றோர் அருளிய அறவுரைகளை அடிப்படையாகக் கொண்டு நிற்பன. அச்சான்றோர் எவ்வாறு இறந்தனர், இறந்தபின் யாது நிகழ்ந்தது என்னும் வினாக்களுக்கு விடை காணாவிடினும், அவ்வறவுரைகள் தம் பெருமையிற் குன்றா. கிறிஸ்து சமயமோ அத்தகையதன்று. யூதேயா நாட்டில், பொந்தியு பிலாத்து ஆளுநனாயிருந்த காலத்தில், இயேசு சிலுவையிற் கொல்லப்பட்டு, அடக்கம் பண்ணப்பட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்னும் ஒரு நிகழ்ச்சியின்மீது அது தன்னை நிறுத்தியிருக்கின்றது. அந்நிகழ்ச்சி பொய்யாயின், தம் போதனையும் கேட்போரது விசுவாசமும் ஒருங்கே வீணாம் என்று பவுல் அப்போஸ்தலர் வெளிப்படையாக எழுதினார். தம் மாளிகை எத்தூணிற் சாயும் என்பதை மறுப்போர்க்குத் தாமே காட்டிக் கொடுத்த ஆசிரியர் அவர்.

ஆகவே, நம்முடன் ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலும் பிறசமய நண்பர் ஒருவர், இதனை நீவிர் யாங்ஙனம் நம்புகின்றீர் என வினவுவாராயின், எம் முன்னோர் நம்பினர் என்பது விடையாகாது. அவர்தம் முன்னோரும் தத்தம் கொள்கையை நம்பினவரே அன்றோ? சான்று யாது, அது எத்துணை வலிமையுடையது, எவ்வெல்லையில் நின்றுவிடும் என்பவற்றை ஒளியாது கூறுதலே நேர்மையாம். அதனை இக்கட்டுரையில் இயன்றவாறு ஆராய்வாம்.

எவ்வகை அளவை?

தமிழ் நூலோர் பொருளை அறிதற்குரிய கருவிகளை அளவை என்பர். மணிமேகலை பல சமயத்தாரின் அளவைகளை எடுத்தோதும். சிவஞான சித்தியார் அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் எனக் கொள்ளும். இம்மூன்றனுள் எதனைக் கொண்டு உயிர்த்தெழுதலை ஆராய்வது?

காண்டலளவை இங்குப் பயன்படாது. நிகழ்ந்ததாகக் கூறப்படுவது ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முற்பட்டது. கருதலளவை நமக்கு மாறாக நிற்பது போலத் தோன்றும். இறந்தோர் எழுந்திலர் என்பது எங்கும் எக்காலத்தும் கண்ட பொதுவிதி. ஆகவே இவரும் எழுந்திலர் எனக் கருதல் எளிது. டேவிட் ஹியூம் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் 1748 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வாதத்தையே வன்மையுற நிறுவினார். அதனை இகழ்ந்து தள்ளுதல் தகாது. எனினும் பொதுவிதி என்பது வழக்கமாக நிகழ்வதையே உணர்த்தும். வழக்கத்திற்கு மாறாகக் கடவுள் ஒருகாற் செய்தார் என்னும் கூற்றை அது முன்னதாகவே மறுத்துவிட மாட்டாது. இறந்தோர் எழுவதில்லை என்பது மீன்பிடிப்போராகிய பேதுருவுக்கும் தெரியும். தெரிந்தமையாலன்றோ அவர் அதனைப் பெருஞ்செய்தியாக அறிவித்தார்? ஆயின் ஹியூமின் வாதத்தால் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. அரிய செய்திக்கு நிறைமிக்க சாட்சி வேண்டும் என்பதே அது.

எஞ்சி நிற்பது உரையளவை. சொல்வோர் அறியும் நிலையில் இருந்தனரோ, பொய் கூறுதலால் அவர்க்குப் பயன் உண்டோ, பலர் வெவ்வேறிடத்து நின்று ஒத்துரைத்தனரோ, அவர் உரை எத்துணைப் பழையது என்னும் நான்கு வினாக்களால் அதனை நிறுத்தறிதல் கூடும்.

மிகப் பழைய சாட்சி

உயிர்த்தெழுதலுக்குரிய சாட்சியைத் தேடுவோர் முதற்கண் நான்கு சுவிசேஷங்களை நாடுதல் இயல்பு. ஆயின் அவற்றினும் பழையது பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் 15 ஆம் அதிகாரம். இதன் காலத்தைக் கணித்தற்கு ஒரு கல்வெட்டுத் துணைசெய்கின்றது. பவுல் கொரிந்து நகரில் இருந்தபொழுது கல்லியோன் என்னும் அதிபதியின் முன் நிறுத்தப்பட்டார் என அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். கிரேக்க நாட்டுத் தெல்பியில் அகப்பட்டு, 1905 ஆம் ஆண்டில் அறிஞர் கவனத்திற்கு வந்த கல்வெட்டுத் துணுக்குகள், அக்கல்லியோன் அதிபதியாயிருந்த காலம் கி. பி. 51-ஐ ஒட்டியது எனத் தெளிவித்தன. பவுல் அந்நகரை விட்டு நீங்கிய சில ஆண்டுகளில், எபேசுவிலிருந்து அந்நிருபத்தை எழுதினார். ஆகவே அது ஏறத்தாழ கி. பி. 54 ஆம் ஆண்டினது. சிலுவைப்பாடு கி. பி. 30 அல்லது 33 இல் நிகழ்ந்ததெனக் கொள்வர்; இடையீடு 25 ஆண்டிற்கு மிகாது.

அவ்வதிகாரத்திற் பவுல் தாம் புதிதாக ஒன்றும் கூறவில்லை. தாம் பெற்றதையே ஒப்புவித்ததாகக் கூறுகின்றார். கிறிஸ்து மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், கேபாவுக்கும் பன்னிருவர்க்கும் காணப்பட்டார் என்பதே அவர் பெற்ற வாய்மொழி. இதனை அவர் எங்கே பெற்றார்? தாம் மனந்திரும்பி மூன்றாண்டு சென்றபின் எருசலேமுக்குச் சென்று, பேதுருவுடன் 15 நாள் தங்கியதாகவும், ஆண்டவரின் சகோதரராகிய யாக்கோபைக் கண்டதாகவும் கலாத்தியர் நிருபத்தில் அவரே எழுதியுள்ளார். பட்டியலிற் பெயர் கூறப்பட்ட இருவரையும் அவர் நேரிற் கண்டு உசாவியவர் என்பது இதனாற் பெறப்படும். 500 பேர்க்கு மேற்பட்டோர் ஒருங்கே கண்டனர் எனக் கூறுமிடத்து, அவருட் பெரும்பாலோர் இன்னும் உயிருடன் உளர் என்பதையும் சேர்த்தே எழுதினார். ஐயமுடையோர் சென்று கேட்கலாம் என்பதன்றோ இதன் குறிப்பு?

யாக்கோபின் செய்தி தனித்து எண்ணற்பாலது. இயேசு உயிரோடிருந்த காலத்தில் அவர்தம் சகோதரர் அவரை விசுவாசித்திலர் எனச் சுவிசேஷமே ஒளியாது கூறும். அத்தகைய யாக்கோபு பின்னர் எருசலேம் சபைக்குத் தலைவராய் விளங்கி, கி. பி. 62 ஆம் ஆண்டில் அனனு என்னும் பிரதான ஆசாரியனாற் கல்லெறிந்து கொல்லப்பட ஒப்புவிக்கப்பட்டார். இதனை உரைப்பவர் கிறிஸ்தவரல்லர். யூத வரலாற்றாசிரியராகிய யோசேப்பு ஆவர். ஒரு கொள்கைக்காக உயிர்விடுவோர் எல்லாச் சமயத்தும் உளராதலின், சாவு மாத்திரம் கொள்கையின் உண்மையை நாட்டாது. ஆயின் தாம் கண்டதாகக் கூறியதை அவர் மெய்யென்றே நம்பினர் என்பதை அது நாட்டும்.

வெறுமையான கல்லறை

கல்லறை வெறுமையாயிருந்தது என்பதற்கு நான்கு சுவிசேஷங்களும் முதற்சாட்சிகளாகக் காட்டுவது பெண்பாலாரை. நான்கினும் மகதலேனா மரியாளின் பெயர் உண்டு. அக்காலத்து யூதருள் மகளிர் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று என்னும் கருத்தை மேற்கூறிய யோசேப்பே எழுதிவைத்தார். இரண்டாம் நூற்றாண்டிற் செல்சு என்பான், வெறிகொண்ட ஒரு பெண்ணின் சொல்லன்றோ இது என எள்ளி நகையாடினான். கதை கட்டுவோர் பிறர் நகைக்கும் சாட்சியைத் தாமே முன்னிறுத்துவரோ? பேதுருவையோ யோவானையோ முதலில் நிறுத்தியிருப்பரன்றோ?

சிலுவையில் இறந்தோரை உரோமர் அடக்கம் பண்ண விடார், ஆகவே கல்லறையே பொய் என்பாரும் உளர். இது பெரும்பான்மைக்குப் பொருந்தும், முற்றும் பொருந்தாது. 1968 ஆம் ஆண்டில் எருசலேமின் வடபாற் கண்ட ஒரு குடும்பக் கல்லறையில், சிலுவையில் அறையப்பட்ட ஒருவனுடைய குதிகால் எலும்பு, ஆணி தைத்தபடியே, எலும்புப் பேழையுள் இருந்தது. அவனுடல் சுற்றத்தாராற் பெறப்பட்டு முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது என்பது தெளிவு.

எனினும் வெறுங்கல்லறை தனித்து நின்று ஒன்றையும் முடிவு செய்யாது. சீடர் உடலைத் திருடினர் என்னும் வதந்தி அக்காலத்தே உலவியதென மத்தேயுவே கூறுகின்றார். கல்லறையும் சாட்சிகளின் காட்சியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்பொழுதே வலிமையுண்டாம்.

தடைகளும் விடைகளும்

இயேசு இறந்திலர், மூர்ச்சித்துப் பின் தெளிந்தார் என்பது ஒரு தடை. இதற்கு விடை கூறியவர் கிறிஸ்தவக் கோட்பாடுகளைக் கடிந்தெழுதிய ஸ்திராவு என்னும் ஜெர்மானியரே. குற்றுயிராய்த் தவழ்ந்து வந்து மருந்தும் கட்டும் வேண்டி நிற்கும் ஒருவரைக் கண்டு, சாவை வென்ற வேந்தர் எனச் சீடர் வணங்கியிரார் என அவர் 1864 ஆம் ஆண்டில் எழுதினார்.

மனக்காட்சி என்பது மற்றொரு தடை, இதுவே வன்மையுடையது. துயருற்றோர் இறந்தவரைக் கண்டதாகக் கூறுதல் இன்றும் உண்டு. பவுல் கண்டது ஒளியும் கேட்டது குரலுமாதலின், அவர் பட்டியலிற் கூறிய ஏனையோர் கண்டதும் அத்தகையதே என 1994 ஆம் ஆண்டில் லூதமன் என்னும் ஜெர்மானிய அறிஞர் வாதித்தார். இதற்கு மூன்று விடை கூறலாம். முதலாவது, யாக்கோபும் பவுலும் சீடராயிருந்து துயருற்றவரல்லர், பவுல் பகைவர். இரண்டாவது, இறந்தவரைக் கண்டோர் அவர் மறுமையில் நலமாயிருக்கின்றார் எனக் கூறுவரேயன்றிக் கல்லறையை விட்டெழுந்தார் எனக் கூறார். பேதுரு சிறையினின்று தப்பிவந்து கதவைத் தட்டியபொழுது, உள்ளிருந்தோர் அது அவருடைய தூதன் என்றனர். எனவே அத்தகைய காட்சியைக் குறிக்கும் சொல் அவர்பால் இருந்தது. இயேசுவைக் குறித்து அச்சொல்லை அவர் வழங்காது, எழுந்தார் என்ற சொல்லையே வழங்கினர். மூன்றாவது, பரிசேயர் நம்பிய உயிர்த்தெழுதல் உலக முடிவில் எல்லார்க்கும் ஒருங்கே நிகழ்வது. சதுசேயர் அதனையும் மறுத்தனர். இடையில் ஒருவர் மாத்திரம் எழுவார் என எதிர்பார்த்தார் இலர். கி. பி. 135 ஆம் ஆண்டிற் பர்கோக்பா என்னும் யூதத் தலைவன் மடிந்தபொழுது, அவனை மேசியா என்றிருந்தோர் அவன் எழுந்தான் எனக் கூறாது, ஏமாந்தோம் என்றே அடங்கினர்.

இவ்விடைகள் தடையை மெலிவிக்கும். முற்றும் அறுத்துவிட்டன என யான் கூறேன்.

விலக்கத்தக்க சான்றுகள்

நல்ல வழக்கிற்குப் பொய்ச்சான்று தேடுதல் அதனைக் கெடுப்பதாம். துரின் நகரிலுள்ள துணியை ஆண்டவரைச் சுற்றிய துணியெனச் சிலர் காட்டுவர். 1988 ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக்கூடங்கள் கரிமக் கணிப்பால் அதனை 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டதெனக் கண்டன. கல்லறையைக் கலைப்போர்க்கு மரணதண்டனை விதிக்கும் நாசரேத்துக் கல்வெட்டு 1930 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டபின், அது வெறுங்கல்லறைச் செய்தி கேட்ட பேரரசன் ஆணையென மகிழ்ந்தோர் பலர். அச்சலவைக்கல் கோசு என்னும் கிரேக்கத் தீவினது என 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. இவற்றைக் கைவிடுதலால் நமக்கு இழப்பில்லை.

மாற்கு சுவிசேஷத்தின் இறுதிப் பன்னிரண்டு வசனங்களும் அத்தகையன. நான்காம் நூற்றாண்டினவாகிய சீனாய்ச் சுவடியும் வத்திக்கான் சுவடியும் 16 ஆம் அதிகாரம் 8 ஆம் வசனத்தோடு முடிகின்றன. எஞ்சியவை பிற்காலத்தார் சேர்த்தன என்பதே பெரும்பாலான அறிஞர் துணிபு. இது கேட்டு மருளற்க. புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுக்கள் கிடைத்தில. அதனால் ஏனைய பாட்டுக்கள் பொய்யாகா. இடைச்செருகலை இடைச்செருகல் எனக் கூறும் துணிவுடையோர்க்கே மூலத்தை மூலம் எனக் கூறும் உரிமையுண்டு.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவது யாது? இயேசு மரித்தார், அவர்தம் சீடரும், சீடரல்லாத யாக்கோபும், பகைவராகிய பவுலும் அவரை உயிரோடு கண்டதாக உறுதியாக நம்பினர், அந்நம்பிக்கை பிற்காலத்து வளர்ந்த கதையன்று, அத்தலைமுறையிலேயே உள்ளது. இவ்வளவை வரலாற்றறிஞருட் பெரும்பாலோர் உடன்படுவர். சீடர்க்கு உயிர்த்தெழுந்தவர் பற்றிய அனுபவம் உண்டாயிற்று என்பது உண்மை. அவ்வனுபவத்திற்கு ஏதுவாயிருந்தது யாது என்பது தமக்குத் தெரியாது என்று சாண்டர்சு என்னும் அறிஞர் 1993 ஆம் ஆண்டில் எழுதியதும் இக்கருத்தே. வரலாறு நம்மை அவ்வாயில்வரை கொண்டுசென்று விடும். அதன்மேற் செல்வது, கடவுள் உளர், அவர் உயிர்தர வல்லார் என்று ஒருவர் கொள்ளுதலையும் கொள்ளாமையையும் பொறுத்தது. கிறிஸ்தவர் அவ்வாயிலைக் கடந்து செல்கின்றனர். கண்மூடிச் செல்லவில்லை, சாட்சிகளின் கையைப் பற்றிச் செல்கின்றனர்.

இருபதாண்டு கழிந்த பின்னும் பவுல், கண்டோர் உயிருடன் உளர், கேட்டறிக என்னும் குறிப்பினராய் எழுதினார். அவர் கேள்விக்கு அஞ்சியவரல்லர். அவர் சாட்சியை ஏற்ற நாமும் நண்பர் கேட்கும் கேள்விக்கு அஞ்சுதலோ, கேட்டாரைச் சினத்தலோ தகுதியன்று. பொறுமையுடன் கேட்டு, உள்ளதை உள்ளவாறு உரைத்து, அறியாததை அறியோம் என்று கூறி, பின் நம் வாழ்வினால் அச்சாட்சிக்குச் சான்று பகர்தலே நம் கடனாம்.