வந்ததையெல்லாம் அனுப்பலாமா?



கொடைக்கானல் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி செல்போனை நீட்டி, "ஐயா, குறிஞ்சி பூத்திருச்சாமே!" என்றான். நம்ம பழனி மலையில் நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் மலை நிறையப் பூக்கும். 2006, 2018. படம் 2018-ல் எடுத்தது. யார் அனுப்பினது என்றேன். "நீங்கதான் ஐயா, சபை குரூப்பில் போட்டீங்க." எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

பூவினால் யாருக்கும் சேதமில்லை. ஆனால் அதே 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், சென்னையிலிருந்து குடும்பத்தோடு போயிருந்த 65 வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஜனங்கள் கூடி அவரை அடித்தே கொன்றார்கள்.

அந்நாட்களில் இந்தியாவெங்கும் சுற்றிய வீடியோ ஒன்றில், பைக்கில் வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிப்போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பிக் கொடுக்கிற கடைசிப் பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்பமுடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் தடை வைத்தது ஜூலையில்தான்.

பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் ஆராய்ந்து பார்த்தார்களே! யார் எடுத்தது, எப்போது, எங்கே, முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அனுப்பாதிருங்கள், பாஸ்டர் போட்டதாயிருந்தாலும்.