ஒரு லீவர், ஒரு கருங்கரடி, நூறு கஜம்

கைனமேடிக்ஸ் பேப்பரில் லிங்க், ஸ்லைடர், பிவட் எல்லாம் படிச்சிருப்பீங்க. நானும் படிச்சேன், பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே மறந்தேன். போன வருஷம் மினி ப்ராஜெக்டுக்கு, ஒரே அசைவில் பல வேலை செய்யும் ஒரு மெக்கானிசம் தேடினப்போதான் வின்செஸ்டர் மாடல் 1894 கண்ணில் பட்டது. பழைய கௌபாய் படங்களில் ஹீரோ கைப்பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்து 'சடக் சடக்'னு சுடுவாரே, அந்த ரகம். நான் நிஜத் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ப்ளைவுட்டில் ஒரு மாடல் செய்தேன், அவ்வளவுதான். ஆனா 130 வருஷப் பழைய இந்த டிசைனை அமெரிக்கக் காடுகளுக்குக் கருங்கரடி வேட்டைக்கு இன்னும் ஏன் எடுத்துட்டுப் போறாங்கன்னு ஒரு கேள்வி வந்தது. ப்ராஜெக்டைவிட அதுதான் என்னை அதிகம் படிக்க வைத்தது.

முதலில் மெக்கானிசம். வடிவமைத்தவர் யூட்டா மாநிலத்து ஜான் பிரௌனிங். டிரிக்கரைச் சுற்றி வளையம் மாதிரி இருப்பதுதான் லீவர். அதன் மேல் நுனி போல்ட்டோடு பின் போட்டு இணைஞ்சிருக்கும். லீவரைக் கீழே தள்ளினால், போல்ட்டுக்குப் பின்னால் தடுப்பாக நிற்கும் லாக்கிங் பிளாக் முதலில் இறங்கும். அப்புறம் போல்ட் பின்னால் வரும், வரும்போதே காலி உறையை இழுத்து மேலே வீசும், ஹேமரையும் சாய்த்து வைக்கும். கடைசி கொஞ்ச தூரத்தில் கேரியர் என்ற சின்னத் தட்டு அடுத்த தோட்டாவை மேலே தூக்கும். லீவரை மேலே இழுத்தால் தோட்டா சேம்பருக்குள் போகும், பிளாக் மறுபடி ஏறிப் பூட்டும். ஸ்பிரிங்குகளைத் தவிர எல்லாமே உங்க கை கொடுக்கும் சக்திதான்.

'கடைசி கொஞ்ச தூரம்' என்பதைக் கவனிங்க. என் ப்ளைவுட் மாடல் ரிவ்யூ அன்னைக்கு, எல்லார் முன்னாடியும், சிக்கி நின்னது. பின் ஓட்டையை 2 மி.மீ. பெரிசா துளைச்சிருந்தேன். அதனால லீவரை முழுசா தள்ளியும் கேரியர் முழுசா ஏறலை. நிஜத் துப்பாக்கியில் பதட்டத்தில் இருப்பவர் லீவரை முக்கால்வாசி மட்டும் தள்ளினாலும் இதே கதைதான்: உறை சரியா வெளியேறாது, அடுத்த தோட்டா ஏறாது. அதனால மெதுவா, பயந்து பயந்து தள்ளக்கூடாது. தோளிலிருந்து எடுக்காம, கடைசி வரைக்கும் பலமா தள்ளி இழுக்கணும்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். இதில் தோட்டாக்கள் பேரலுக்குக் கீழே ஒரு குழாயில் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பின்புறத்தை, அதாவது ப்ரைமரைத் தொட்டுக்கிட்டு இருக்கும். ப்ரைமர் தட்டினால் வெடிக்கும் பொருள். குண்டின் மூக்கு கூர்மையா இருந்தால், சுடும்போது வரும் பின்னுதைப்பில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால மூக்கைத் தட்டையாவோ உருண்டையாவோ வைத்தார்கள். தட்டை மூக்குக்குக் காற்றுத் தடை அதிகம்னு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்ச எல்லாருக்கும் தெரியும்.

எவ்வளவு அதிகம்? 1895-ல் இந்தத் துப்பாக்கிக்கு வந்த 30-30 தோட்டாவை எடுத்துக்குவோம். குண்டு 11 கிராம். பேரலை விட்டு வெளியே வரும்போது வேகம் நொடிக்குச் சுமார் 670 மீட்டர். ½mv² போட்டால் சுமார் 2470 ஜூல். 100 கஜத்தில் வேகம் 578 ஆகிறது, ஆற்றல் சுமார் 1840. 200 கஜத்தில் 493, ஆற்றல் 1340 ஜூல்தான். வேகம் வர்க்கத்தில் வருவதால் ஆற்றல் வேகத்தைவிடச் சீக்கிரம் கரையுது. 100 கஜத்துக்குக் குறி சரிபார்த்த துப்பாக்கியில் 200 கஜத்தில் குண்டு 20 செ.மீ.க்கு மேல் கீழே இறங்கியிருக்கும். 2000-களின் நடுவில் ஹார்னடி கம்பெனி ரப்பர் மாதிரி வளையும் கூர்முனை வைத்த குண்டு கொண்டு வந்து இதை ஓரளவு சரி செய்தது. ஆனாலும் இது கிட்டத்துத் துப்பாக்கிதான்.

கருங்கரடிக்கு அதுவே போதும். மெய்ன், பென்சில்வேனியா காடுகள் அடர்த்தியானவை, பல இடத்தில் 50 கஜம் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாது. இலையுதிர் காலத்தில் கரடி குளிர்காலத் தூக்கத்துக்குக் கொழுப்பு சேர்க்கும். ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும், ஏகோர்னும் பெர்ரியும் இருக்கும் இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். மூக்கு பயங்கரக் கூர்மை. காற்று உங்க பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் அன்னைக்கு வேட்டை முடிஞ்சது, வீட்டுக்குப் போகலாம்.

கஷ்டமே கரடி தெரிஞ்ச பிறகுதான். அடர்ந்த மயிர் உடம்பின் உண்மையான அளவை மறைக்கும். தலையோடு ஒப்பிட்டால் காது சின்னதாத் தெரிந்தால் வளர்ந்த கரடி, பெரிசாத் தெரிந்தால் இளசு. குட்டிகள் தாயைவிடப் பின்தங்கி வரலாம், மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கலாம். அதனால தனியா நிற்கிற கரடியைப் பார்த்ததும் டிரிக்கரில் விரல் போகக்கூடாது, சில நிமிஷம் பார்த்துக்கிட்டே இருக்கணும். பக்கவாட்டில் திரும்பி, உங்க பக்கத்து முன்னங்கால் முன்னால் போகும்போது தோளுக்குப் பின்னால் நுரையீரல் பகுதி திறக்கும். அங்கேதான் குறி. தலையைக் குறி வைப்பது பெருமைக்கு வேணும்னா சரி, மண்டை ஓடு சாய்வு, மூளை சின்னது.

தவறினால்? மானாக இருந்தால் ரத்தத் தடத்தைப் பிடித்துப் போகலாம். கரடியின் கொழுப்பு காயத்தை அடைக்கும், மயிர் ரத்தத்தை உறிஞ்சும். சில அடி தூரத்திலேயே தடம் நின்னு போகலாம். அடிபட்ட கரடி புதருக்குள் எங்கேயோ கிடந்து சாகும், தேடிப் போறவருக்கும் ஆபத்து. சினிமா இந்தத் துப்பாக்கியை வேகத்துக்காகக் கொண்டாடுது. லீவர் சீக்கிரம் கொடுக்கும் இரண்டாவது குண்டு, ஓடும் கரடியின் எந்த இடத்தில் படும்னு யாருக்கும் தெரியாது. கிட்ட போ, காத்திரு, முதல் குண்டையே சரியா வை என்று கட்டாயப்படுத்துவது அந்தத் தட்டை மூக்குதான்.

இந்தக் 'கிட்ட' என்பதிலேயே சண்டையும் இருக்கு. மெய்னில் இரை வைத்துக் கரடியை வரவழைத்துச் சுடலாம், பென்சில்வேனியாவில் கூடாது. 2014-ல் மெய்ன் மக்கள் இரை, நாய், பொறி மூன்றையும் தடை செய்யலாமான்னு ஓட்டுப் போட்டார்கள். தடை தோற்றது. இரை வைப்பது ஏமாற்று என்பது ஒரு பக்கம், கிட்டத்தில் நிதானமாப் பார்த்து, குட்டி இருக்கான்னு உறுதி செய்ய முடியும் என்பது மறுபக்கம். எனக்கு வேட்டையே உறுத்துது. ஆனாலும் தூரத்திலிருந்து அதிர்ஷ்டத்தை நம்பிச் சுடுவதைவிட இரண்டாவது வாதம் மேல்னு தோணுது. (நம்ம ஊரில் இந்தக் கேள்வியே இல்லை, 1972 சட்டப்படி கரடி வேட்டை குற்றம்.)

சுட்டது கிடைத்தால் பென்சில்வேனியாவில் 24 மணி நேரத்துக்குள் சோதனை நிலையத்துக்குக் கொண்டு போய்ப் பதிவு செய்யணும். கறியை உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரும் வரை வேக வைக்கணும், இல்லைன்னா ட்ரிக்கினெல்லா என்ற புழு உடம்புக்குள் வரும். ஃப்ரீசரில் வைத்தாலும் சில வகை சாகாது.

வின்செஸ்டர் அமெரிக்காவில் 94-ஐச் செய்வதை 2006-ல் நிறுத்தியது, அதற்குள் 70 லட்சத்துக்கும் மேல் செய்திருந்தார்கள். இப்போ ஜப்பானில் மிரோகு செய்கிறது. என் ப்ளைவுட் மாடல் லேப் அலமாரியில் இருக்கு, பின் ஓட்டையைச் சரி பண்ணிட்டேன். வந்து அசைத்துப் பாருங்க, லீவரை மட்டும் பாதியில் விட்டுடாதீங்க.