ஊர்ப் பேச்சை வைத்துப் பங்கு விலையைக் கணிக்கலாமா?

பங்குச் சந்தையில் கை வைத்திருக்கும் நமது வியாபாரிகள் பலரிடம் அண்மைக் காலமாக ஒரு புதிய பழக்கத்தைக் காண்கிறேன். முன்பெல்லாம் தரகரிடம் தொலைபேசியில் விசாரிப்பார்கள். கம்பனியின் ஆண்டறிக்கையையாவது ஒரு தடவை புரட்டிப் பார்ப்பார்கள். இப்போதோ வட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களிலும் பேஸ்புக்கிலும் எந்தப் பங்கைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது என்று பார்த்தே வாங்குகிறார்கள். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் புடைவை வியாபாரம் செய்யும் இளம் வர்த்தகர் ஒருவர் என்னிடம், "நானா, எல்லாரும் ஏறும் ஏறும் என்றுதானே எழுதுறாங்க. இத்தனை பேரும் பிழையாவா சொல்லுவாங்க?" என்று கேட்டார். அவர் போடவிருந்தது மிச்சப் பணமல்ல. பெருநாள் சரக்குக்காகக் கொடுத்திருந்த பின்திகதியிட்ட காசோலைகளுக்கென வங்கியில் வைத்திருந்த பணம். ஆகவே இவ்விடயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது என நினைக்கிறேன்.

அவருடைய கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. பேச்சைக் கேட்டு விலையைக் கணிப்பது நமக்குப் புதிதல்ல. 2023 டிசம்பர் 8ஆம் திகதி இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது, கையிருப்பு முடியும்வரை நான்காம் குறுக்குத் தெரு காத்திருக்கவில்லை. செய்தி வந்ததும் விலை ஏறியது. ஆனால் அது ஒரு செய்தி. வரவேண்டிய சரக்கு வராது என்று அது சொன்னது. "இந்தப் பங்கு ஏறும்" என்று ஆயிரம் பேர் எழுதுவது செய்தியல்ல, அது மனநிலை. மனநிலையை அளந்தே விலையைக் கணிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இக்கேள்வியைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜொஹான் பொலன் என்பவரும் அவரது இரு சகாக்களும் 2010ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2008 பெப்ரவரி இறுதியிலிருந்து டிசம்பர் 19 வரை சுமார் 27 இலட்சம் பேர் எழுதிய 98 இலட்சம் டுவிட்டர் பதிவுகளை எடுத்து, அவற்றிலுள்ள சொற்களைக் கொண்டு மக்களின் மனநிலையை ஆறு விதமாக அளந்தார்கள். அமைதி, விழிப்பு, உறுதி, உற்சாகம், கனிவு, மகிழ்ச்சி என்பனவே அவை. இவற்றில் மகிழ்ச்சி பெரிதாக எதையும் சொல்லவில்லை. அமைதி என்ற அளவுகோல் மட்டும் சில நாட்களின் பின் டவ் ஜோன்ஸ் சுட்டெண் எப்பக்கம் போகும் என்பதோடு ஒத்துப்போனது. திசையை 86.7 சதவீதம் சரியாகக் கணித்ததாக அறிவித்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைத் தலைப்பாக்கின.

இங்கேதான் வியாபாரி கணக்குப் பார்க்க வேண்டும். 86.7 சதவீதம் என்றால் எத்தனை நாளில்? அவர்கள் கணிப்பைப் பரீட்சித்துப் பார்த்தது 2008 டிசம்பர் 1 முதல் 19 வரை. சனி, ஞாயிறு கழித்தால் 15 வர்த்தக நாட்கள். அதாவது 15இல் 13 சரி. அதுவும் உலக நிதி நெருக்கடியின் நடுவே வந்த மூன்று வாரங்கள். ஆய்வு நேர்மையானதுதான், நாட்களின் எண்ணிக்கையை அவர்கள் மறைக்கவுமில்லை. ஆனால் மூன்று வார விற்பனையை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவது கடைக்கு முற்பணம் கட்டும் வியாபாரியை நான் இன்னும் காணவில்லை.

இந்த ஆய்வை நம்பிப் பணம் திரட்டியவர்கள் இருந்தார்கள். லண்டனில் டேர்வென்ட் கெப்பிட்டல் மார்க்கெட்ஸ் என்ற நிறுவனம் டுவிட்டர் மனநிலையைக் கொண்டு முதலீடு செய்யும் நிதியமொன்றை 2011இல் ஆரம்பித்தது. முதல் மாதம் 1.86 சதவீத இலாபம். அத்தோடு அந்த நிதியம் மூடப்பட்டது. நிறுவனம் பின்னர் தனது தொழில்நுட்பத்தை வேறு விதமாக விற்க முயன்று, 2013இல் ஏலத்தில் 120,000 பவுணுக்குப் போனது. கணிக்கும் இயந்திரம் உண்மையிலேயே பணம் காய்க்கும் மரமாக இருந்திருந்தால் அதை யாராவது ஏலத்தில் போடுவார்களா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் பேச்சுக்கும் விலைக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு என்பதே முக்கியம். போல் டெட்லொக் என்ற ஆய்வாளர் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகையின் சந்தைப் பத்தியை 1984 முதல் 1999 வரை எடுத்து, அதன் தொனியை அளந்து, 2007இல் முடிவை வெளியிட்டார். பத்தியின் தொனி வழமையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு இருண்டிருந்தால் மறுநாள் டவ் ஜோன்ஸ் இறங்கியது. இறங்கிய அளவு ஒரு சதவீதத்தின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை; சுமார் 0.08 சதவீதம். அந்த இறக்கத்தின் பெரும் பகுதியும் அதே வாரத்துக்குள் திரும்பிவிட்டது.

இதை நமது கணக்கில் வைத்துப் பார்ப்போம். 5 இலட்சம் ரூபாவுக்கு 0.08 சதவீதம் என்பது 400 ரூபா. கொழும்புப் பங்குச் சந்தையில் தரகுக் கூலி, ஏனைய கட்டணங்கள், வரி எல்லாம் சேர்த்து வாங்கும்போது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், விற்கும்போதும் அதே அளவு. 5 இலட்சத்துக்கு வாங்கி விற்றால் சுமார் 11,000 ரூபா அதற்கே போய்விடும். மனநிலையைச் சரியாகப் படித்தாலும் 400 ரூபா இலாபத்துக்காக 11,000 ரூபா செலவழிப்பதாகவே முடியும். வினாடிக்குள் வாங்கி விற்கும், கூலி மிகக் குறைந்த பெரிய நிறுவனங்களின் கணினிகளுக்கு மட்டுமே இப்படிப்பட்ட சிறு அசைவுகளில் ஏதாவது மிஞ்சும்.

அந்தக் கணினிகளும் ஏமாறும் என்பது வேறு கதை. 2013 ஏப்ரல் 23ஆம் திகதி அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் டுவிட்டர் கணக்கை யாரோ ஊடுருவி, வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்து ஜனாதிபதி ஒபாமா காயமடைந்ததாக ஒரு பொய்ப் பதிவை இட்டார்கள். சில நிமிடங்களில் அமெரிக்கப் பங்குகளின் பெறுமதியில் சுமார் 136 பில்லியன் டொலர் கரைந்தது. பொய் என்று தெரிந்ததும் அதே வேகத்தில் திரும்பி வந்தது. கைத்தொலைபேசியை எடுத்துப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மனிதர்களும் சளைத்தவர்களல்லர். 2021 ஜனவரி 7ஆம் திகதி எலோன் மஸ்க், சிக்னல் என்ற தகவல் பரிமாற்றச் செயலியைப் பாவியுங்கள் என்று இரண்டே சொல்லில் எழுதினார். அந்தச் செயலிக்குப் பங்கே கிடையாது. ஆனாலும் சிக்னல் அட்வான்ஸ் என்ற, மருத்துவக் கருவிகளோடு தொடர்புடைய ஒரு சின்னஞ்சிறு கம்பனியின் பங்கைக் கூட்டம் வாங்கித் தள்ளியது. 60 சதமளவில் இருந்த பங்கு நான்கு நாட்களில் 38 டொலரைத் தாண்டியது. பெயர்ப் பலகையைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்குள் நுழைந்து பணத்தைக் கொடுத்த கதைதான்.

இன்னொரு சிக்கல், சொற்களை இயந்திரம் எப்படி விளங்கிக் கொள்கிறது என்பது. லொக்ரன், மெக்டொனால்ட் என்ற இரு பேராசிரியர்கள் அமெரிக்கக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொது அகராதிப் பட்டியலொன்றில் கெட்ட சொற்களாகக் குறிக்கப்பட்டவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு, வர்த்தகத்தில் கெட்ட சொற்களே அல்ல என்று அவர்கள் கண்டார்கள். வரி, செலவு, மூலதனம், பொறுப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் கெட்ட சொற்களாம்! கடன் என்ற சொல்லே கெட்டது என்றால் புறக்கோட்டையில் ஒரு கடையும் திறக்க முடியாது. இன்றைய செயற்கை நுண்ணறிவு இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக வாசிக்கிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எழுதியவர் உண்மையைத்தான் எழுதினாரா என்பதை அதுவும் அறியாது.

எனக்குப் பெரிய கவலை அதுதான். அமெரிக்காவில் 15 வயதுப் பாடசாலைச் சிறுவன் ஒருவன் 1999, 2000 ஆண்டுகளில் செய்த வேலை இது. அதிகம் கைமாறாத சிறு கம்பனியொன்றின் பங்கை முதலில் வாங்கிக் கொள்வான். பிறகு வெவ்வேறு பெயர்களில் யாஹூவின் நிதிப் பக்கங்களில் அந்தப் பங்கைப் புகழ்ந்து நூற்றுக்கணக்கில் எழுதுவான். விலை ஏறியதும் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் விற்றுவிடுவான். 2000 செப்டெம்பரில் அந்நாட்டுப் பிணைகள், பரிவர்த்தனை ஆணைக்குழுவிடம் வட்டியோடு 285,000 டொலரைத் திருப்பிக் கட்ட அவன் இணங்கினான். அந்தப் பக்கங்களை வாசித்தவர்களுக்கும் "எல்லாரும் ஏறும் ஏறும்" என்று எழுதுவதாகவே தோன்றியிருக்கும். எழுதியது ஒரே பையன். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் "நஜ்ஷ்" பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அதற்கு நெருங்கிய உறவுதான் இது.

கொழும்பில் நாளொன்றுக்குச் சில ஆயிரம் பங்குகள் மட்டுமே கைமாறும் கம்பனிகள் பல இருக்கின்றன. அத்தகைய பங்கை ஏற்றிவிட ஒரு குழுவும் சில இலட்சம் ரூபாவும் போதும். இறக்கும்போது வாங்குவதற்கு ஆள் இருக்காது. 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பிணைகள், பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டத்தின்படி சந்தையை இப்படித் திரிப்பது குற்றம். ஆனால் விசாரணை முடியும்வரை உங்கள் காசோலையின் திகதி காத்திருக்காது.

கேம்ஸ்டொப் என்று ஒருவர் உடனே சொல்வார். 2021 ஜனவரியில் 20 டொலருக்குக் கீழ் இருந்த அந்தப் பங்கு, 28ஆம் திகதி ஒரு கட்டத்தில் 483 டொலரைத் தொட்டது உண்மை. ஆனால் அங்கே பேச்சுக்கு அடியில் ஒரு காரணம் இருந்தது. கடன் வாங்கி விற்கப்பட்ட பங்குகளின் அளவு, சந்தையில் புழங்கிய பங்குகளையே விஞ்சியிருந்தது. விற்றவர்கள் எந்த விலைக்காவது திருப்பி வாங்கியாக வேண்டிய நிலை. அதைக் கணக்கிட்டு முன்பே வாங்கியவர்கள் சிலர் சம்பாதித்தார்கள். உச்சத்தில் கேள்விப்பட்டு வாங்கியவர், பெப்ரவரி 19ஆம் திகதி சுமார் 40 டொலரில் நின்றார்.

இவ்வளவுக்குப் பிறகும் குழுக்களில் வரும் கணிப்புகளைப் பரீட்சிக்க விரும்புவோர், பணம் போடாமல் ஒரு கொப்பி போடுங்கள். செய்தியை நீங்கள் பார்த்த திகதியும் நேரமும், அந்த நேரத்து விலை, அதற்கு முந்திய ஐந்து நாட்களின் விலையும் கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையும், பிந்திய ஐந்தாம் வர்த்தக நாளின் விலை ஆகியவற்றை எழுதுங்கள். கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் விலைகளைப் பார்க்கலாம். செய்தி வருவதற்கு முன்பே விலையும் எண்ணிக்கையும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால், எழுதியவர் ஏற்கெனவே வாங்கிவிட்டு உங்களைத் தேடுகிறார் என்று சந்தேகப்பட இடமுண்டு. இலாபத்தில் போக வரக் கூலியைக் கழித்துவிட்டே எழுதுங்கள். குறைந்தது 60 பதிவுகளாவது சேர வேண்டும். குழுவிலிருந்து பின்னர் அழிக்கப்பட்ட செய்திகளையும் கொப்பியிலிருந்து எடுக்க வேண்டாம். பிழையாகிப் போன கணிப்புகள்தாம் பெரும்பாலும் முதலில் அழிக்கப்படுகின்றன.