கோதை என்னும் திருநாமம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாடிப்பூரத்தன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாருடைய நந்தவனத்தில் திருத்துழாயடியில் அவதரித்த பிராட்டிக்கு, ஆழ்வார் சாற்றிய திருநாமம் கோதை. ‘ஆண்டாள்’, ‘சூடிக்கொடுத்த நாச்சியார்’ என்பவை உலகம் உகந்து அழைத்த பெயர்கள். தன் பாசுரங்களில் அவள் தன்னைச் சொல்லிக்கொள்வது கோதை என்றே. பெண்குழந்தைக்கு இத்திருநாமத்தைச் சூட்ட விழையும் அடியார்கள், கோதை என்பதா, கோதா என்பதா என்று கேட்பதுண்டு. இரண்டின் பொருளையும் சிறிது அநுஸந்திப்போம்.

தமிழில் கோதை என்றால் மாலை. மாலை சூடிய பெண்ணையும் அவள் கூந்தலையும் அச்சொல் குறிக்கும். பழந்தமிழில் இது பெண்பாலுக்கே உரியதாய் நின்றதன்று. கோக்கோதை மார்பன், மாக்கோதை எனச் சேரமன்னர் பெயர்களிலும் காணலாம். வடபத்ரசாயிக்கு மாலை கட்டி ஸமர்ப்பிப்பதே ஆழ்வாருடைய கைங்கர்யம். அந்தக் கைங்கர்யமே திருமகளாரின் திருநாமமாயிற்று. அவளோ பூமாலையைச் சூடிக்கொடுத்தாள், பாமாலையைப் பாடிக்கொடுத்தாள். உய்யக்கொண்டார் அருளிய தனியன் இவ்விரண்டு மாலைகளையும் சேர்த்தே கொண்டாடுகிறது.

வடமொழியில் ‘கோ’ என்பதற்கு வாக்கு, பூமி, பசு எனப் பல பொருள்கள் உண்டு. ‘தா’ என்றால் தருபவள். ஆகவே கோதா, நல்வாக்கைத் தருபவள். கோதாவரி நதிக்கும் கோதா என்ற பெயர் உண்டு. வேதாந்த தேசிகன், 29 ச்லோகங்கள் கொண்ட கோதாஸ்துதியில் இச்சிலேடையை எடுத்து, துங்கபத்ரா, ஸரஸ்வதீ, விரஜா முதலிய நதிகளின் பெயர்களால் பிராட்டியை வர்ணித்து, கோதையாகிய நீ எம்பெருமானுக்கு இன்பம் தரும் நர்மதையும் ஆகிறாய் என்று முடிக்கிறார். க்ருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய காவ்யத்தின் பெயரான ‘ஆமுக்தமால்யதா’ என்பதும் ‘தா’ என்றே முடிகிறது. சூடிய மாலையைத் தந்தவள் என்பது அதன் பொருள்.

ஆக, கோதை, கோதா இரண்டும் ஏற்புடையனவே. தமிழில் அவள் மாலை. வடமொழியில் அவள் கொடுப்பவள். இரண்டும் கூடினால் சூடிக்கொடுத்த வைபவம் முழுதும் அந்தத் திருநாமத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. திருப்பாவையின் முப்பதாம் பாசுரத்தில் அவள் கோதை என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. பட்டர்பிரானுடைய கோதை என்கிறாள். நாச்சியார் திருமொழியிலும் பல பதிகங்களின் முடிவில் விட்டுசித்தனுடைய கோதை என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறாள். பூமிப்பிராட்டியின் அம்சமாயிருந்தும், தனக்குத் தந்தையும் ஆசார்யனுமான ஆழ்வாரை முன்னிட்டே தன்னை அறிமுகம் செய்கிறாள். ஆசார்ய ஸம்பந்தமே ஒருவருக்கு உண்மையான அடையாளம் என்பது இதில் தேறும் பொருள்.

ஆதலால் இத்திருநாமத்தைக் குழந்தைக்கு இடுபவர்கள், அது யாருடைய கோதை என்பதையும் உடன் சொல்லிக்கொடுப்பார்களாக.

ஆண்டாள் திருவடிகளே சரணம்