ஆழ்ந்த குரலுக்கும் ஓர் இடம்

பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளைகள் பலருக்குக் குரல் உடைகிறது. சென்ற ஆண்டு பள்ளி மேடையில் கணீரென்று பாடிய மாணவன், இவ்வாண்டு அதே பாட்டின் உச்சத்தைத் தொட முடியாமல் தடுமாறுகிறான். நண்பர்கள் சிரிக்கிறார்கள். “எனக்கு இனிப் பாட வராது” என்று அவனே முடிவு செய்து ஒதுங்கி விடுகிறான். சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் உள்ள பள்ளிகளில் மட்டுமன்று, உலகில் பாட்டுப் பாடும் சிறுவர்கள் உள்ள இடமெங்கும் நடப்பது இது.

இம்மாற்றம் நோயன்று, வளர்ச்சி. இப்பருவத்தில் குரல்வளை பெரிதாகிறது. அதனுள் இருக்கும் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வீணையில் தடித்த தந்தி மெதுவாக அதிர்ந்து தாழ்ந்த ஒலி தருவதுபோல, தடித்த குரல் நாண்களும் மெதுவாக அதிர்கின்றன. பேசும்போது பெண்களின் குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 தடவை அதிரும். வளர்ந்த ஆண்களுக்கு அது ஏறத்தாழ 120 தடவையாகக் குறைந்துவிடும்.

தமிழ் நாடகக்காரர்கள் இந்தக் குரல் உடைவை ‘மகரக்கட்டு’ என்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் ‘பாய்ஸ் கம்பெனி’ எனப்பட்ட நாடகக் குழுக்கள் பல இருந்தன. அவற்றில் சிறுவர்களே அரசனாகவும் அரசியாகவும் வேடமிட்டுப் பாடி நடித்தனர். நன்றாகப் பாடும் சிறுவனுக்கு மதிப்பு மிகுதி. ஆனால், மகரக்கட்டு வந்துவிட்டால் அவனுடைய நிலை மாறிவிடும். பாட முடியாதவனுக்குப் பெரிய வேடம் கிடைப்பது அரிது. பின்னாளில் ‘உத்தமபுத்திரன்’ (1940) படத்தில் நடித்துப் புகழடைந்த பி.யு. சின்னப்பாவுக்கும் இச்சோதனை நேர்ந்தது. குரல் உடைந்ததால் நாடகத்தை விட்டு விலகிய அவர், அக்காலத்தில் சிலம்பம் முதலிய கலைகளைப் பயின்றார்.

நாடக மேடை உயர்ந்த குரலையே விரும்பியதற்குக் காரணம் உண்டு. அன்று ஒலிவாங்கியும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பாட்டு எட்ட வேண்டும். உயர்ந்த சுருதியில் எடுக்கும் குரல் கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு செல்லும். செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி. கிட்டப்பா அப்படிப்பட்ட குரலால் தமிழ்நாட்டையே கட்டிப்போட்டார். 1933ஆம் ஆண்டு, தம் 27ஆம் வயதிலேயே அவர் மறைந்தார். ஆயினும், நல்ல பாடகன் என்றால் உச்சத்தில் பாடுபவன் என்ற எண்ணம் அவருக்குப் பிறகும் நீடித்தது.

ஒலிவாங்கி இல்லாமல் பாடும் இசைநாடகம் ஐரோப்பாவிலும் உண்டு. அதன் பெயர் ஓப்பரா. அங்கே தாழ்ந்த குரலுக்கும் தனி இடம் ஒதுக்கப்பட்டது. ஓப்பராவில் ஆண் குரல்களை மூன்று பெரும் வகையாகப் பிரிப்பர். உயர்ந்தது டெனார், நடுவில் இருப்பது பாரிடோன், மிகத் தாழ்ந்தது பாஸ். காதலன், வீரன் போன்ற வேடங்கள் பெரும்பாலும் டெனாருக்கே போகும். தந்தை, பகைவன், மனம் குமுறும் தலைவன் போன்ற வேடங்கள் பலவும் பாரிடோனுக்கு உரியவை. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி 1851ஆம் ஆண்டு மேடையேற்றிய ‘ரிகலெட்டோ’வில், அரசவையில் கோமாளியாக இருக்கும் ஒரு கூனன், தன் மகளைக் காக்க முயன்று தோற்கிறான். நாடகத்தின் பெயரே அவன் பெயர்தான். அவ்வேடத்தைப் பாடுபவர் ஒரு பாரிடோன்.

பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டித் தாழ்ந்த குரல் எப்படிக் கேட்கிறது? பயிற்சி பெற்ற ஓப்பரா பாடகர், தம் தொண்டையையும் வாயையும் ஒரு குறிப்பிட்ட முறையில் அமைத்துப் பாடுகிறார். அப்போது அவருடைய குரலில், நொடிக்கு ஏறத்தாழ 3000 அதிர்வுகள் கொண்ட மேலொலிகள் வலுப்பெறுகின்றன. வாத்தியக் குழுவின் ஓசை அந்த இடத்தில் அவ்வளவு வலுவாக இருப்பதில்லை. அந்த இடைவெளி வழியே பாடகரின் குரல் வெளியே வருகிறது. கத்திப் பாடுவதால் கிடைக்கும் வலிமை அன்று இது. பல்லாண்டுப் பயிற்சியால் கிடைப்பது.

தமிழ் இசையுலகில் தாழ்ந்த குரலுக்கு வழி திறந்தது வேறொன்று. 1931ஆம் ஆண்டு ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்த்திரை பேசத் தொடங்கியது. முதலில் நடிப்பவரே பாடவும் வேண்டியிருந்தது. பின்னர், ஒருவர் பாட, மற்றொருவர் வாயசைத்து நடிக்கும் பின்னணிப் பாட்டு முறை வேரூன்றியது. ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பவர் கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பாட வேண்டியதில்லை. மென்மையாகப் பாடினாலும், தாழ்ந்த சுரத்தில் நின்றாலும், குரலின் ஒவ்வொரு நெளிவும் பதிவாகும். இப்புதிய சூழலில் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றவர்களுள் ஒருவர் சிதம்பரம் எஸ். ஜெயராமன்.

1917ஆம் ஆண்டு சிதம்பரத்தில் இசைக்குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஜெயராமன். கருநாடக இசையை முறையாகப் பயின்றவர். 1930களிலேயே திரைப்படங்களில் நடித்தவர். அவருடைய குரல், கிட்டப்பாவின் குரல்போல் வானில் பறப்பதன்று. கனமானது; சற்றே மூக்கொலி கலந்தது; கமகங்கள் நிறைந்தது. ஒரு முறை கேட்டவர் அதனை வேறொருவருடைய குரலாக எண்ண மாட்டார்.

1952ஆம் ஆண்டு வெளிவந்த ‘பராசக்தி’, சிவாஜி கணேசன் கதாநாயகனாக அறிமுகமான படம். அதில் சிவாஜிக்காகப் பாடியவர் ஜெயராமன். காக்கைகள் கூடி உண்பதைக் காட்டி மனிதரின் தன்னலத்தை இடித்துரைக்கும் பாட்டு, தமிழர் வாழும் நாடுகளிலெல்லாம் ஒலித்தது. 1954ஆம் ஆண்டு ‘இரத்தக்கண்ணீர்’ படத்துக்கு அவர் பாடல்களுக்கு இசையமைத்ததோடு, தாமும் பாடினார். செல்வச் செருக்கால் அனைத்தையும் இழந்து, தொழுநோயோடு தெருவில் திரியும் மனிதனாக எம்.ஆர். இராதா அப்படத்தில் நடித்தார். செய்த குற்றத்தை எண்ணி வருந்தும் பாட்டில் ஜெயராமனின் குரலும் இராதாவின் பேச்சும் மாறி மாறி வரும். அங்கே இனிமையைவிட, குரலின் கனமே தேவைப்பட்டது.

அதே 1954இல் ‘தூக்குத் தூக்கி’ வெளிவந்தது. அதில் சிவாஜிக்காகப் பாடியவர் டி.எம். சௌந்தரராஜன். அவருடைய குரல் நடிகரின் குரலோடு மிக இயல்பாகப் பொருந்தியது. அடுத்து வந்த ஆண்டுகளில் சிவாஜிக்கான பாடல்களில் பெரும்பாலானவை சௌந்தரராஜனிடம் சென்றன. ஒரு பாடகரின் வாழ்வில் இது கடினமான திருப்பம். நேற்றுவரை தமக்குரியதாக இருந்த இடத்தில் இன்று வேறொருவர் நிற்கிறார். அவரைப்போல் பாட முயல்வதா, தம் குரலோடு நிற்பதா என்ற கேள்வி எழும்.

ஜெயராமன் தம் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. வாய்ப்புகளின் எண்ணிக்கை குறைந்தாலும், அக்குரல்தான் வேண்டும் என்று கேட்கும் பாடல்கள் அவரைத் தேடி வந்தன. ‘புதையல்’ (1957) படத்தில் பி. சுசீலாவோடு அவர் பாடிய நிலவுப் பாட்டு, ஆழ்ந்த குரலிலும் காதலைச் சொல்ல முடியும் என்று காட்டியது. அகிலனின் நாவலைத் தழுவிய ‘பாவை விளக்கு’ (1960) படத்திலும் இவ்விருவரின் குரல்களும் இணைந்து ஒலித்தன.

ஆயினும், அவருடைய பாட்டு வாழ்வின் சிகரம் என்று பலர் கருதுவது ‘சம்பூர்ண இராமாயணம்’ (1958). இதில் டி.கே. பகவதி ஏற்ற இராவணன் வேடத்துக்கு ஜெயராமன் பின்னணி பாடினார். இசையமைத்தவர் கே.வி. மகாதேவன். வீணைக்கொடி பறக்கும் அவையில், எந்த வேளைக்கு எந்த இராகம் என்று கேட்கிறார்கள். காலைக்குப் பூபாளம் என்று தொடங்கி, இராவணன் ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டுகிறான். பின்னர் போர்க்களத்தில் படையிழந்து நிற்கும் அவனை, மறுநாள் வரும்படி இராமன் அனுப்பிவிடுகிறான். பகைவனின் அந்தக் கருணையைத் தாங்க முடியாமல் இராவணன் திலங்கு இராகத்தில் உருகுகிறான். உயர்ந்து கூவும் குரலில் அப்பாட்டைக் கற்பனை செய்து பார்த்தால் வேறுபாடு புரியும். தோற்றும் தலை குனியாத ஒரு பேரரசனின் துயரத்துக்கு அந்தக் கனத்த குரலே பொருந்துகிறது. ஓப்பராவில் பாரிடோன் செய்யும் பணியை, தமிழ்த்திரையில் அன்று ஜெயராமன் செய்தார்.

இப்பாடல்கள் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தன. கெடாவின் ரப்பர் தோட்டங்களில், திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய காலம் அது. லயத்து மக்கள் பாயோடும் பலகையோடும் வந்து அமர்ந்து பார்த்தனர். விடியுமுன் மரம் வெட்டப் போக வேண்டியவர்களும் படம் முடியும்வரை எழுந்ததில்லை. திருவிழாக்களில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியும் வானொலியும் அதே பாடல்களைத் திரும்பத் திரும்ப ஒலித்தன. இன்றும் பழைய பாடல் நிகழ்ச்சிகளில் அவை ஒலிக்கும்போது, பாட்டன் பாட்டிமார் முதல் சொல்லிலேயே பாடுபவர் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஜெயராமன் 1995ஆம் ஆண்டு மறைந்தார். ‘இசைச்சித்தர்’ என்ற பட்டம் அவர் பெயரோடு நிலைத்திருக்கிறது. அவருடைய வாழ்வு குரல் உடையும் வயதில் உள்ள மாணவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறது. குரல் தாழ்ந்துவிட்டது என்பதால் பாட்டு முடிந்துவிடுவதில்லை. பாட வேண்டிய பாட்டுத்தான் மாறுகிறது. பழைய சுருதியிலேயே பாட வேண்டும் என்று தொண்டையை வருத்துவதால் குரல் நாண்களுக்குத் தீங்கு நேரலாம். சுருதியைக் குறைத்து, மெல்லப் பயின்று, குரல் நிலைபெறும்வரை பொறுத்திருப்பதே நன்று. சேர்ந்திசையில் மேலே செல்லும் குரல்களைத் தாங்கிப் பிடிக்கக் கீழே ஒரு குரல் வேண்டும். நாடகத்தில் இராமனுக்கு எதிரே நிற்க ஓர் இராவணன் வேண்டும். அவ்விடத்துக்கு உரிய குரல், இன்று வகுப்பறையின் பின் வரிசையில் பேசாமல் அமர்ந்திருக்கும் மாணவனிடம் இருக்கலாம்.